பூட்டுப் படம் போட்டிருந்தால் பூட்டியிருக்கிறது என்று நம்பாதீர்கள்: 18,500 கொடுத்து நான் வாங்கிய வினை

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு இளம் ஜோடி, அந்தப் பெண்ணின் தோளில் தூங்கும் கைக்குழந்தை. "வீடு பார்க்க வந்திருக்கோம்" என்றார் அந்தப் பையன். "இது வாடகைக்கு விடுற வீடு இல்லையேப்பா" என்றேன். அவர் பேசாமல் போனை நீட்டினார்.

அதில் என் ஹால். என் சோபா. அடுத்த படத்தில் சமையலறை. மூன்றாவதில் படுக்கையறை, அலமாரிக் கதவில் என் மகள் ஒட்டிவைத்திருக்கும் பள்ளிக்கூட டைம்டேபிள், வகுப்பும் பிரிவும் படிக்கும்படி. கீழே யாரோ ஒருவனுடைய விளம்பரம்: உடனே குடியேறலாம், முன்பணம் கட்டினால் சாவி.

அவர்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். "ஓனர் வெளியூர்ல இருக்கார், லொகேஷன் மட்டும் அனுப்பினார்" என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த லொகேஷன் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகவில்லை, நேராக என் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர்களுக்கு எவ்வளவு போனது என்று கேட்க வாய் வரவில்லை. எனக்குப் போனது 18,500. அது திரும்பி வராது என்று நேற்று இரவு கடைசியாக பதில் வந்துவிட்டது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பதால் "படம் அனுப்பு, படம் அனுப்பு" என்று ஒரே நச்சரிப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் படம் மங்கிப்போகிறது என்று புகார் வேறு. அப்போதுதான் ஒரு இணைய ஆல்பம் சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது. பெயர் கேட்காதீர்கள், புகார் கொடுத்திருக்கிறேன், முடியும்வரை சொல்லமாட்டேன். குடும்பப் படங்களை அசல் தரத்திலேயே சேமிக்கலாம், வேண்டியவர்களுக்கு மட்டும் காட்டலாம், ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்று ஆசை காட்டுகிற வகையறா.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. அதுதான் எரிகிறது. கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் இரண்டே கேள்வி கேட்டேன். ஒன்று, நான் அனுமதிக்காத யாராவது ஆல்பத்தைப் பார்க்க முடியுமா? இரண்டு, போனில் எடுக்கும் படத்தில் இடம் பதிவாகும் என்கிறார்களே, அது வெளியே தெரியுமா? முதல் கேள்விக்கு "ஆல்பத்தின் மேல் பச்சைப் பூட்டு இருக்கும்வரை உங்கள் குடும்பத்தைத் தவிர ஒருவரும் வர முடியாது மேடம்" என்று பதில். இரண்டாவதுக்கு "இடவிவரத்தை நாங்கள் காட்டுவதே இல்லை மேடம்." அப்புறம் நான் கேட்காமலே இன்னொரு வரி வந்தது: "என் குழந்தையின் படங்களையும் இதில்தான் வைத்திறுக்கிறேன்." வல்லின 'று' போட்டு, அப்படியேதான். அந்தப் பிழையைப் பார்த்ததும், இயந்திரம் இல்லை, யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோதான் அவசரமாகத் தட்டுகிறார் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே 18,500 கட்டினேன்.

மொத்தம் 214 படம் ஏற்றினேன். பச்சைப் பூட்டு பளிச்சென்று இருந்தது. லிங்கை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். சித்தப்பா பெருமை தாங்காமல் அதைத் தன் பழைய ஆபீஸ் நண்பர்கள் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அவர் மேல் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பூட்டைப் பார்த்துத்தானே அவரும் நம்பினார்.

அந்த ஜோடி போன பிறகு அண்ணன் மகனைக் கூப்பிட்டேன், கணினி வேலை பார்ப்பவன். அவன் தன் போனில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், அந்த லிங்கைத் தட்டினான். ஆல்பம் திறந்துகொண்டது. பச்சைப் பூட்டும் கூடவே வந்தது! "அத்தை, இந்தப் பூட்டுக்கு அர்த்தம், ஆல்பம் தேடலில் வராதுங்கிறது மட்டும்தான். லிங்க் கையில இருந்தா யார் வேணாலும் வரலாம்" என்றான்.

அப்புறம் ஹால் படத்தின் கீழே இருந்த 'அசலைப் பதிவிறக்கு' என்ற பொத்தானை அழுத்தினான். வந்த கோப்பின் விவரங்களைத் திறந்து காட்டினான். எடுத்த தேதி, நேரம், என் போனின் மாடல், அதற்குக் கீழே புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கத்தோடு இரண்டு எண்கள். அட்சரேகை, தீர்க்கரேகை. இவ்வளவும் படத்தோடு ஒட்டிக்கொண்டே வருமாம். எக்ஸிஃப் என்று பெயர், 1995-லேயே வந்த ஏற்பாடு. ஐந்தாவது இலக்கம் என்றாலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துல்லியம், போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும் என்றான். அந்த எண்களை அப்படியே எடுத்து வரைபடத்தில் ஒட்டினான். ஊசி என் வீட்டுக் கூரை மேல் குத்தி நின்றது.

ஆக, அந்த அரட்டைப் பெட்டிக்காரர் சொன்னது பொய்கூட இல்லை. ஆல்பம் பக்கத்தில் இடவிவரத்தைக் 'காட்டுவதில்லை'. ஆனால் கோப்பில் அப்படியே வைத்து, கேட்பவனுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். பொய் என்றால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இது யாருக்கோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்தபோது, அவரைப் பேட்டி காணப் போன பத்திரிகை ஒரு படத்தை வெளியிட்டது. படத்திலிருந்த ஜிபிஎஸ் எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. கணினிப் பாதுகாப்பில் பணம் பார்த்த மனிதருக்கே அந்தக் கதி.

இனி பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. முதல் மூன்று முறை 'உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது' என்று ஒரு எண் வந்தது, ஒவ்வொரு முறையும் வேறு எண். நான்காம் நாள் ஒரு ஆள் சிக்கினார். ஆல்பத்தின் லிங்கைப் பகிர்ந்தது நீங்கள்தானே மேடம் என்றார். பூட்டு என்று சொன்னது யார் என்று கேட்டதற்கு, உதவிப் பக்கத்தில் பதினோராவது பத்தியைப் படிக்கச் சொன்னார். பழைய அரட்டையின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அதை மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி, போகிற போக்கில் ஆறுதலாக ஒரு வரி எழுதினார்: "என் குழந்தையின் படங்களையும் இதில்தான் வைத்திறுக்கிறேன்."

அதே வரி. அதே வல்லின 'று'. வேறு ஆள், வேறு பெயர். எழுதிவைத்ததை ஒட்டுகிறார்கள், பிழையோடு சேர்த்து ஒட்டுகிறார்கள். இதற்கா 18,500 கொடுத்தேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே ஆல்பத்தை அழித்தேன். அதிலும் ஒரு கூத்து. ஆல்பம் பக்கம் திறக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் உள்ள நேரடி முகவரியைத் தட்டினால் படம் இன்னும் வருகிறது. கேட்டால், பிரதிகள் முழுவதும் நீங்க 90 நாள் ஆகலாமாம். நேற்று இரவு வந்த கடைசிப் பதில்: பணம் கட்டிய 14 நாளுக்குள் கேட்டிருந்தால்தான் திருப்பித் தருவார்கள், நான் கேட்டது 41-ஆம் நாள், எனவே 18,500 திரும்பாது, உங்கள் பொறுமைக்கு நன்றி. என்ன பொறுமை? யார் பொறுமையாக இருந்தது?

வாடகை விளம்பரத்தைப் புகார் செய்ததும் நீக்கிவிட்டார்கள், இரண்டு நாளில் வேறு பெயரில் அதே படங்களோடு மறுபடி வந்தது. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் இன்னும் இரண்டு குடும்பம் வந்து போய்விட்டது. என் கணவர் ஒரு அட்டையில் 'இந்த வீடு வாடகைக்கு இல்லை' என்று எழுதி கேட்டில் கட்டினார். அதைப் படித்துவிட்டு ஒருவர் மணியடித்து "எப்ப காலியாகும்?" என்று கேட்டார்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு: கேமரா செட்டிங்ஸில் இடம் பதிவதை இன்றைக்கே நிறுத்துங்கள். அது இனி எடுக்கும் படங்களுக்குத்தான் உதவும், பழையவற்றில் இருப்பது இருக்கும். ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலேயே 'விருப்பங்கள்' என்று இருக்கிறது, அதில் இடத்தை அணைக்கலாம். விண்டோஸில் கோப்பின் பண்புகளுக்குள் போனால் தனிப்பட்ட தகவலை நீக்க வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், தெளிவு வேண்டும் என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். எந்த ஆல்பத்தையும் யாருக்காவது அனுப்புவதற்கு முன், கணக்கில் நுழையாத வேறொரு போனில் அந்த லிங்கைத் திறந்து பாருங்கள். இதை மட்டும் நான் செய்திருந்தால் 18,500 மிஞ்சியிருக்கும். சுவரில், அலமாரியில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள், எந்தச் செட்டிங்கும் அதை மறைக்காது. என் மகளின் டைம்டேபிளைக் கிழித்து எறிந்துவிட்டேன், அவள் என்னோடு பேசவில்லை.

இன்று காலை சித்தப்பா போன் செய்தார். "அந்த ஆல்பம் திறக்கமாட்டேங்குதேம்மா, புது லிங்க் ஒண்ணு அனுப்பு" என்றார்.