ஜீ.எம்.பி. பட்டப்பின் படிப்பு: மலையகத்துச் சிறு தொழிற்சாலையொன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

மருந்து, மூலிகைத் தயாரிப்பு, அழகுசாதனப் பொருள், மருத்துவ உபகரணம் ஆகிய துறைகளில் வேலை பார்ப்போருக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று ஒன்லைன் வழியாக நடத்தும் ஜீ.எம்.பி. (நல்ல உற்பத்தி நடைமுறை) பட்டப்பின் படிப்பில், சான்றிதழ், டிப்ளோமா என்னும் முதல் இரு கட்டங்களை நுவரெலியாவில் இருந்தபடியே முடித்திருக்கிறேன். மூன்றாவது கட்டம் முதுமாணி. நான் பணியாற்றுவது மூலிகைத் தேநீரும் இருமல் பாகும் தைலமும் செய்யும் சிறிய தொழிற்சாலையொன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் என்பதால், ஊசிமருந்தோ தடுப்பூசியோ செய்யும் இடத்தில் இருப்பவருக்கு என் கணிப்பு அப்படியே பொருந்தாது. பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இவ்வகைப் படிப்புகளின் பாடத்திட்டங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன. சேர நினைப்பவருக்குப் பெயரைவிட உள்ளடக்கம் பற்றிய தகவலே உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்க் கட்டம் கொடுத்த பணத்துக்கு முழுப் பெறுமதி உடையது. டிப்ளோமாவில் பாதி எங்களைப் போன்றோருக்குப் பயன்படும், பாதி பயன்படாது. முதுமாணி, பெரிய மருந்துக் கம்பனிகளிலோ ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களிலோ பணியாற்றுவோருக்கு மட்டுமே தேவைப்படக்கூடியது.

ஜீ.எம்.பி. என்றதும் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது கொழும்பு ஹோட்டலொன்றில் நடக்கும் இரண்டு நாள் செயலமர்வும், தலைக்குத் தொப்பி போடு, நகம் வெட்டு, கையெழுத்து வை என்ற அறிவுரைகளும், கடைசியில் கிடைக்கும் ஒரு சான்றிதழ்த் தாளும்தான். இந்தப் படிப்பு அதிலிருந்து வேறுபடுவது, விதியை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், அந்த விதி எந்த விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதால்தான். 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைட் மருந்தைப் பாகாகச் செய்வதற்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தைக் கரைப்பானாகச் சேர்த்ததில், பல குழந்தைகள் உட்பட 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். மருந்தை விற்பனைக்கு விடுமுன் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே அங்கு வந்தது. அதே நச்சு 2022இலும் காம்பியாவில் குழந்தைகளுக்குக் கொடுத்த பாகுகளில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 60க்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணம் அந்தப் பாகுகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, 85 ஆண்டுகளுக்குப் பின்னும் அது மருந்துப் போத்தலுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்று எங்களையே வரைபடம் போடச் சொன்னார்கள்.

விடை பெரும்பாலும் மூலப்பொருள் வாங்கும் இடத்தில் இருக்கிறது. பாகுகளில் சேர்க்கும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் உற்பத்தியாளரிடமிருந்து தரகர், இறக்குமதியாளர், சில்லறை விநியோகத்தர் என்று பல கை மாறி வருகின்றன. ஒவ்வொரு கையிலும் பீப்பாவின் லேபலும் பகுப்பாய்வுச் சான்றிதழும் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு பீப்பாவிலிருந்தும் மாதிரி எடுத்து, டைஎதிலீன் கிளைக்கோலும் அதைப் போன்றே நச்சான எதிலீன் கிளைக்கோலும் 0.10 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று சோதிக்காமல் கிளிசரினைப் பாவனைக்கு விடக்கூடாது. எங்கள் இருமல் பாகிலும் கிளிசரின் உண்டு. மூலிகைத் தயாரிப்பு இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்று சந்தைப்படுத்தல் பிரிவினர் சொல்லும் வாக்கியத்துக்கு ஆய்வுகூடத்தில் இடமில்லை என்பதை இந்த ஓர் ஒப்படையே எனக்கு உறுதியாக்கியது.

மூலிகைகள் பற்றிய பாடம் நீளத்தில் சிறியதாயினும் தரத்தில் குறைவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுத்த மூலிகைக் கலவையில் சேர வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா பேரினத் தாவரமொன்று சேர்ந்துவிட்டதால், பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்த சம்பவம் அதில் விரிவாக ஆராயப்படுகிறது. நம்முடைய ஈஸ்வரமூலியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். சிங்கள வைத்தியத்தில் அதைச் சப்சந்த என்பார்கள். உலர்ந்து நறுக்கப்பட்ட வேர் மூட்டையில் வந்தால், பார்த்தோ முகர்ந்தோ மட்டும் அதன் இனத்தை அறுதியிட முடியாது. நுண்நோக்கியில் இழையமைப்பைப் பார்ப்பதும் மெல்லடுக்கு நிறப்பகுப்பு (சாற்றின் கூறுகளைத் தட்டொன்றில் பிரித்துக் காட்டும் சோதனை) செய்வதும் தேவை. எங்களுக்கு மூலிகை தரும் வியாபாரிகளிடம் பறித்த இடம், மாதம், தாவரத்தின் பகுதி ஆகியவற்றை எழுத்தில் கேட்கும் படிவத்தை நான் தயாரித்தது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

இனி, படிப்பின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் நீராவிக் கிருமிநீக்கம் பற்றிய பாடத்தையே சொல்வேன். அதன் மையத்தில் இருப்பது 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் நடந்தது. நாளத்தில் ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் கிருமி இருந்தது. ஐந்து நோயாளிகளின் மரணத்தோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அந்தப் போத்தல்கள் முந்திய ஆண்டு தொழிற்சாலையின் ஒட்டோகிளேவில், அதாவது அமுக்க நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில், அடுக்கப்பட்டபோது உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறாததால், கீழ்த் தட்டுகளில் இருந்தவை தேவையான வெப்பநிலையை எட்டவே இல்லை. வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி அதைக் காட்டத்தான் செய்தது. கருவிதான் பழுது என்று எண்ணி, இயக்கியவர்கள் வேறு அளவிகளை நம்பினார்கள். அமுக்கமானி சரியான எண்ணைக் காட்டுவதால் மட்டும் உள்ளே வெப்பம் சரியாக இருக்கிறது என்று ஆகாது என்ற பாடம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது.

இந்தப் பாடத்தை நுவரெலியாவில் இருந்து படிப்பவருக்கு இன்னொரு கேள்வி எழ வேண்டும். பாடக் குறிப்புகளில் அது இல்லை. சிறிய ஆய்வுகூட ஒட்டோகிளேவ்களின் கைநூல்களில், 15 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் 121 பாகை செல்சியஸ் கிடைக்கும் என்று எழுதியிருக்கும். அது கடல்மட்டத்துக்கான கணக்கு. சாதாரண அமுக்கமானி காட்டுவது வெளியே உள்ள வளியமுக்கத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தை மட்டுமே; நீராவியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பதோ மொத்த அமுக்கம். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல்தான். இங்கே நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதும் அதனால்தான். ஆகவே அமுக்கமானியின் முள் 15இல் நிற்கும்போது உள்ளே இருப்பது 118 பாகையை அண்டிய நீராவி. 121 பாகையை எட்ட வேண்டுமானால் முள் ஏறத்தாழ 18இல் நிற்க வேண்டும். மூன்று பாகைதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் பற்றீரியா வித்திகளின் அழிவு வேகம் 10 பாகைக்குப் பத்து மடங்கு மாறுவதாகக் கொள்ளும் வழமையான கணக்கில், மூன்று பாகை குறைந்தால் வேகம் பாதியாகிவிடும். 15 நிமிடம் ஓடிய சுழற்சி, 121 பாகையில் ஏழு எட்டு நிமிடம் ஓடியதற்கே சமம். ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை போன்ற இடங்களில் ஒட்டோகிளேவ் வைத்திருக்கும் மருத்துவ ஆய்வுகூடங்களுக்கும் அவரவர் உயரத்துக்கேற்ப இதே கணக்குப் பொருந்தும்.

இதைக் கேள்வியாக எழுதி அனுப்பியபோது விரிவுரையாளர் தந்த பதிலே இந்தப் படிப்பின் மேல் எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது. பொதுவாகப் பாராட்டி முடித்துவிடாமல், அமுக்கத்தை விட்டுவிட்டு வெப்பநிலையை நேரடியாக அளக்கும் வழிகள், உணரியை ஒட்டோகிளேவ் அறையின் மிகக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டிய காரணம், வித்திகள் அடங்கிய உயிரியல் குறிகாட்டியைச் சுழற்சிக்குச் சுழற்சி எங்கே வைப்பது என்பன பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பணம் கட்டிப் படிப்பதில் பெறுமதியான பகுதி, தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் நம் கேள்வியை வாசித்துப் பதில் எழுதுவதுதான். பாட உரைகளில் பெரும்பகுதி உலக சுகாதார நிறுவனத்தினதும், பல நாடுகளின் மருந்து ஆய்வு அதிகாரசபைகள் சேர்ந்த பிக்ஸ் அமைப்பினதும் வழிகாட்டி நூல்களிலிருந்து எடுத்தவையே. அவற்றை எவரும் கட்டணமின்றி இறக்கி வாசிக்கலாம்.

ஆவணப் பதிவு பற்றிய பாடமும் நம்மூருக்கு நன்றாகப் பொருந்தியது. பதிவை யார் எழுதினார் என்பது தெரிய வேண்டும், வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வேலை நடக்கும் வேளையிலேயே எழுத வேண்டும், முதலில் எழுதிய தாளே இருக்க வேண்டும், எழுதியது உண்மையாக இருக்க வேண்டும் என்னும் ஐந்து நிபந்தனைகளையும் கேட்கும்போது எளிதாகத்தான் தோன்றும். எங்கள் உற்பத்திப் பிரிவில் பாதிப் பேர் தேயிலை ஸ்டோர்களில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். ஒவ்வொரு தேயிலைத் தொகுதிக்கும் இன்வொயிஸ் இலக்கம் போட்டு, ஏலத்துக்குப் போகும் வரை அதைப் பின்தொடரும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பெட்ச் (ஒரே தடவையில் செய்த உற்பத்தித் தொகுதி) இலக்கத்தின் தேவையை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கடினமாயிருந்தது, ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து எல்லாக் கட்டங்களையும் ஒரே பேனையால் நிரப்பும் வழக்கத்தை விடச்செய்வதுதான். படிப்பில் இதற்கு நல்ல அணுகுமுறை ஒன்றைக் கற்பித்தார்கள்: தவறியவரைத் தேடுவதற்கு முன்னால், படிவம் இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறதா, எழுத நேரம் கிடைக்கிறதா, எழுதச் சொல்லும் மொழி எழுதுபவருக்குத் தெரியுமா என்று பாருங்கள் என்றார்கள். எங்கள் செயல்முறை ஆவணங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. இயந்திரத்தை இயக்கும் அக்காமாருக்கோ தமிழும் சிங்களமும்தான் தெரியும். இப்போது சுத்திகரிப்பு, எடை நிறுத்தல், நிரப்பல் ஆகிய மூன்றின் ஆவணங்களும் இரு மொழிகளிலும் படங்களோடு ஒட்டப்பட்டிருக்கின்றன.

குறைகளுக்கு வருகிறேன். பாடத்திட்டம், பெரிய தொழிற்சாலையும் தனியான கியூ.ஏ. (தர உறுதிப்பாட்டுப்) பிரிவும், வலிடேஷனுக்கென்றே (செயல்முறை எதிர்பார்த்தபடி நடக்கிறது என்று நிரூபிப்பதற்கென்றே) ஆட்களும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. ஒரே ஆள் காலையில் மாதிரி எடுத்து, மாலையில் பெட்ச் ரெக்கோர்டைச் சரிபார்க்கும் சிறு நிறுவனத்தில் பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு விடை இல்லை. டிப்ளோமாவின் பெரும் பங்கைக் கிருமியற்ற உற்பத்தியும் உயிரியல் மருந்துகளும் எடுத்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எம்.பி. வழிகாட்டியில் கிருமியற்ற உற்பத்தி பற்றிய, திருத்திய முதலாம் இணைப்பு 2023 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்ததால் அதற்கு அவ்வளவு இடம் கொடுப்பதில் நியாயம் உண்டு என்றாலும், தேநீர்ப் பை நிரப்புபவருக்கு அதில் ஆக வேண்டியது எதுவுமில்லை. அழகுசாதனப் பொருட்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22716 தரநியமத்தை, எங்கள் தைலப் பிரிவுக்கு நேரடியாகப் பயன்படுவதை, ஒரே விரிவுரையில் கடந்துவிட்டார்கள்.

இலங்கைச் சட்டம் எங்கும் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தையும், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தையும் நாமே தேடி வாசித்து, எங்கள் தயாரிப்பு எதன் கீழ் வருகிறது என்பதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் படிப்பில் இதை எதிர்பார்ப்பது நியாயமல்ல என்பதை ஏற்கிறேன்; ஆனால் விளம்பரத்தில் 'உங்கள் நாட்டின் ஒழுங்குவிதிகளுக்கு ஏற்ப' என்று போட்டிருந்ததால் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நேரில் செய்முறைப் பயிற்சி கிடையாது என்பது மற்றொன்று. சுத்திகரித்த இயந்திரத்தின் மேற்பரப்பைத் துடைத்து மாதிரி எடுப்பதைக் காணொளியில் பார்ப்பதும் கையால் செய்வதும் ஒன்றல்ல.

நேரடி வகுப்புகள் நேர வேறுபாட்டால் வேலை நேரத்தில் வந்தன. தென்மேல் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் இணைய இணைப்பும் போய்ப்போய் வந்த நாட்களில் ஒலிப்பதிவுகளே கைகொடுத்தன. அவை அதே நாளில் ஏற்றப்பட்டுவிட்டன என்பதை நிறைவோடு சொல்லலாம். நூலகச் சேவையும் நன்று.

கட்டணம்தான் பெரிய தடை. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டியிருப்பதால், 2022இல் டொலரொன்று 200 ரூபாயளவிலிருந்து சில வாரங்களிலேயே 360ஐத் தாண்டியது போன்ற நிலை திரும்ப வந்தால், நடுவழியில் நிற்க நேரிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டும் வசதியும், சான்றிதழோடு வெளியேறிப் பின்னர் திரும்பிச் சேரும் வசதியும் இருக்கின்றனவா என்று முதலில் கேட்பது நல்லது. நான் படித்ததில் இரண்டும் இருந்தன. அரச சேவையிலோ பல்கலைக்கழகத்திலோ பதவி உயர்வுக்காகப் படிப்பவர்கள், அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், முதுமாணி 9ஆம் அல்லது 10ஆம் மட்டம்; வெளிநாட்டுப் பெயர் ஒன்றாயிருந்தாலும் மட்டம் ஒன்றாயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேராதனையிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ விஞ்ஞானப் பட்டம் பெற்று, மூலிகை, உணவு, அழகுசாதனத் தொழிற்சாலையொன்றில் ஓரிரு ஆண்டு பணியாற்றியவர் சான்றிதழ்க் கட்டத்தில் தயங்காமல் சேரலாம். வேலை அனுபவமே இல்லாமல், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒப்படைகள் அனைத்தும் உங்கள் தொழிற்சாலையில் நடந்ததை வைத்தே எழுதச் சொல்கின்றன. டிப்ளோமாவில் விருப்பப் பாடமாகச் சுத்திகரிப்பு வலிடேஷனையும் நீர்த் தொகுதிகளையும் தெரிவு செய்யுங்கள். நான் முதுமாணிக்குப் பதியவில்லை. அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியைப் போட்டு எங்கள் ஆய்வுகூடத்துக்கு அளவுத்திருத்தச் சான்றிதழோடு வெப்பநிலைப் பதிவுக் கருவியொன்றை வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன்.