பன்னியரா, சேடில் பையா? வேலூரில் காய்ந்த சட்டை நுவரெலியாவில் காயவில்லை

போன ஜூலையில் நானும் காட்பாடி நண்பர் ஒருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரை ஏழு நாள் சைக்கிளில் போய் வந்தோம். கிளம்பும் முன் மூட்டையோடு இரண்டு முறை ஏலகிரி ஏறி ஒத்திகை பார்த்தோம். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து, ஜெர்சியை அலசி மொட்டை மாடிக் கொடியில் போட்டால் சாப்பிட்டு எழுவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அதை நம்பி நான் இரண்டு செட் துணியும், சீட்டுக்குப் பின்னால் கட்டும் சேடில் பை ஒன்றும் எடுத்துக்கொண்டேன். நண்பர் மூன்று செட், பின்சக்கரத்துக்கு இருபுறமும் தொங்கும் பன்னியர் ஜோடி. ஒரே பாதை, ஒரே மழை. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் துணி. பருத்தி, பாலியஸ்டர், மெரினோ கம்பளி என்று மூன்று வழி உண்டு. நம்ம ஊர் மே மாத வெயிலில் பருத்தி பனியன் சுகம்தான், ஈரம் உடம்பைக் குளிர்த்தும். அதே ஈரம் மலை இறக்கத்தில் நடுக்கத்தைக் கொடுக்கும். ஓட்டும்போது போட பருத்தி வேண்டாம். மெரினோ நனைந்தாலும் கதகதப்பாக இருக்கும், மூன்று நாள் போட்டாலும் நாற்றம் வராது. ஆனால் பாலியஸ்டரைவிட மெதுவாகக் காயும். ஒன்று வாங்கும் காசில் திருப்பூர் டிரை-ஃபிட் பாலியஸ்டர் சட்டை ஏழெட்டு வாங்கிவிடலாம். ஒரு வாரத்துக்கு டிரை-ஃபிட் இரண்டு போதும் என்பது என் தீர்ப்பு. காசு இருந்தால் மாலையில் போட மெரினோ ஒன்று.

உண்மையான சிக்கல் சட்டை இல்லை, பேட் வைத்த ஷார்ட்ஸ். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, எனவே தினமும் துவைத்தே ஆக வேண்டும். பேட் தடிமனான ஸ்பாஞ்ச். வவுனியாவிலும் தம்புள்ளையிலும் விடிவதற்குள் காய்ந்துவிட்டது. கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக ஏறி, ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவை அடைந்த அன்று இரண்டும் ஈரம். தென்மேற்குப் பருவமழை வடக்கே விழாது, ஆனால் மலையை விடாது. தங்கிய வீட்டு அம்மா கொடியில் கிடந்த என் ஷார்ட்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க மூணு நாளானாலும் காயாது, அடுப்படிக்குக் கொண்டாங்க" என்றார். விறகடுப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் போட்டுக் கொடுத்தார். காலையில் துணி காய்ந்திருந்தது, பேட்டின் நடுப்பகுதி மட்டும் இன்னும் சில்லென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டியதில் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகி, அடுத்த இரண்டு நாளும் சீட்டில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. நண்பர் மூன்றாவது ஷார்ட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். பலரும் சட்டை மூன்று, ஷார்ட்ஸ் இரண்டு என்று எடுக்கிறார்கள். மாற்றி எடுங்கள்.

துண்டு விஷயத்தில் டர்க்கி டவல் பேச்சுக்கே இடமில்லை. மைக்ரோஃபைபர் துண்டு லேசு, ஆனால் உடம்பில் வழுக்கிக்கொண்டு போகும். ஈரிழைத் துண்டுதான் என் தேர்வு. துவைத்த ஷார்ட்ஸை அதில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் பாதி ஈரத்தைத் துண்டே குடித்துவிடும். குடியாத்தம் கைலி ஒன்றும் கட்டாயம். வழியில் உடை மாற்ற மறைப்பு, இரவில் போர்வை, மாலையில் உடுப்பு என்று மூன்று சாமான் வேலையை அது ஒன்றே பார்க்கும்.

இனி பை. 14 லிட்டர் சேடில் பை அரை கிலோ கூட வராது, கேரியரும் தேவையில்லை. பன்னியர் ஜோடியும் கேரியரும் சேர்ந்தால் காலிப் பையே இரண்டு கிலோவைத் தாண்டும். ஆனையிறவில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இருபுறமும் கடல்நீர், நடுவே ஏ-9 சாலை, வலப்பக்கமிருந்து சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று. நண்பரின் பைகள் பாய் மாதிரி காற்றை வாங்கி அவரைச் சாலை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தன. நான் நேராகப் போனேன். சமவெளியில் சேடில் பைக்குத்தான் என் ஓட்டு.

மலையில் கதை மாறியது. எழுந்து நின்று மிதித்தால் சேடில் பை நாய்வால் மாதிரி ஆடும். அதைவிட மோசம், ஈரத்துணிக்குத் தனி இடம் கிடையாது. காயாத ஷார்ட்ஸ் காய்ந்த சட்டையையும் நனைத்துவிட்டது. கைலியை எடுக்க முழுப் பையையும் பிரிக்க வேண்டும். பன்னியரிலோ ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் உலர்ந்தது. இரவில் கொக்கியைக் கழற்றினால் கட்டைப்பை மாதிரி அறைக்குத் தூக்கிப் போகலாம். 40 லிட்டர் ஜோடி வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிப்போம். முன்சக்கரத்துக்கென்று விற்கும் 25 லிட்டர் சிறிய ஜோடியைப் பின்னால் மாட்டுங்கள். காற்றும் குறைவாகப் பிடிக்கும், குதிகாலும் இடிக்காது. அடுத்த முறை நான் எடுப்பது அதுதான்.

மழைக்கு போஞ்சோவா ஜாக்கெட்டா என்றால் ஜாக்கெட். உள்ளே வியர்க்கும், ஆனாலும் இறக்கத்தில் படபடவென்று அடித்துக் கண்ணை மறைக்காது. காலுக்கு ஆம்பூர் தோல் ஷூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும். பெடலில் மாட்டும் கிளீட் ஷூ வேகம் தரும், ஆனால் நல்லூர் கோயிலிலும் மிகிந்தலை விகாரையிலும் கழற்றி மாட்டிக் களைத்துப் போவீர்கள். பின்பக்க வாருள்ள சாண்டலும் சாதாரண பெடலும் போதும்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும். மல்டி-டூலை செக்-இன் பெட்டியில் வையுங்கள். மூன்று சதுர முள் பிளக் மாற்றி ஒன்று வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப் சின்ன ஊர்க் கடைகளில் கிடைக்கும் என்று நம்பாமல் மூன்று எடுத்துச் செல்லுங்கள்.

பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று உபரியாக இருக்கட்டும், அதுவும் உங்கள் ஃபிரேமுக்கென்று வரும் அதே மாடல். விமானத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது நண்பரின் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. உபரியை எடுத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கினார், அரை மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பிவிட்டோம்.