ஃப்ளை தூண்டில் கம்பு கட்டும் ‘கிட்’ வாங்கப் போகிறீர்களா? பசை தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆன்லைனில் “முதல்முறை கட்டுபவர்களுக்கான முழு கிட்” என்று ஒரு பெட்டி விற்பனையில் இருக்கிறது. ஃப்ளை தூண்டில் கம்பை வீட்டிலேயே கட்டிக்கொள்ளத் தேவையான பிளாங்க் (கம்பின் உடலான வெறும் கார்பன் குழாய்), தக்கைப் பிடி, ரீல் சீட் (ரீலை மாட்டும் இடம்), லைன் ஓடும் வளையங்கள், நூல், எபாக்ஸி பசை எல்லாம் அடக்கம் என்பார்கள். இங்கிலாந்தில் இருந்தபடி 140 பவுண்டு கொடுத்து நான் வாங்கினேன். கட்டி முடித்து வீசிப் பார்த்த அன்றே கம்பு பிளந்தது. கேட்டதற்கு, நான் கட்டிய விதம்தான் காரணம் என்று பதில் வந்தது. பணம் ஒருவழியாகத் திரும்பிவிட்டது. ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்ட உழைப்பு திரும்பவில்லை. அதே படங்கள், அதே விளம்பர வாசகம் இப்போது வேறு கடைப் பெயரில் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வகை மீன்பிடிப்பு பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ ஒன்றுதான் முனையில் இருக்கும், அதற்கு எடையே கிடையாது. எடை முழுக்கத் தடித்த லைனில் இருக்கிறது. அதனால் லைனுக்கு எண் உண்டு. 5 எண் லைன் என்றால் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், நம் கணக்கில் சுமார் 9 கிராம். கம்பு அந்த எடையை வாங்கி வளைந்து, திரும்ப நிமிர்ந்து லைனை வீச வேண்டும். எனவே கம்பின் மேல் எழுதியிருக்கும் எண் பொய்யானால் மற்ற எதுவும் சரியாக அமையாது.

நான் வாங்கியது 9 அடி, 5 எண், நான்கு துண்டுப் பிளாங்க் என்று சொல்லி விற்றது. நல்ல பெயருள்ள கம்புகள் இங்கே பல நூறு பவுண்டு விலை. கையால் கட்டினால் செலவும் குறையும், நம் கை வேலை என்ற நிறைவும் இருக்கும். அந்த ஆசை நியாயமானது. இப்போதும் யாராவது கேட்டால் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் ஒரே இடத்தில் இருக்கிறது. பிளாங்கின் குறை, பசை காய்ந்து நூல் சுற்றி முடிந்த பிறகுதான் வெளியே தெரியும். அவர்கள் நிபந்தனையோ, “பசை தடவிய, நூல் சுற்றிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறது. படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் பசை தடவாமல், நூல் சுற்றாமல் அந்தக் கிட்டை வேறு எதற்குப் பயன்படுத்த முடியும்? தொடக்கக்காரர்களைக் குறிவைப்பதும் இதனால்தான். இரண்டு கம்பு கட்டியவர் பெட்டியைத் திறந்ததும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

விளம்பரத்தில் இருந்ததைச் சொல்கிறேன். “பெயர்பெற்ற அமெரிக்கத் தொழிற்சாலையின் பிளாங்க், லோகோ மட்டும் இல்லை” என்றது. “ஐஎம்8 கார்பன்” என்றது. ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 எல்லாம் ஒரு கார்பன் இழைத் தயாரிப்பாளர் தன் சரக்குகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள். கம்புத் தொழிலுக்கான தரச் சான்று இல்லை. யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் விளம்பரத்தில் எழுதிக்கொள்கிறார்கள், கேட்பார் இல்லை. நல்ல இழையே என்றாலும் அதை எப்படி வெட்டினார்கள், எப்படிச் சுற்றினார்கள் என்பதுதான் கம்பைத் தீர்மானிக்கிறது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சில்லறைக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வளையங்கள் அடிக்கு ஒன்று, நுனி வளையம் தனி என்பது பொதுக் கணக்கு. பெட்டியில் ஏழுதான் இருந்தன. பேசிய பிறகு இரண்டு அனுப்பினார்கள், அளவு வேறு. தக்கைப் பிடியில் குழிகளைத் தக்கைத்தூளும் பசையும் கலந்து அடைத்திருந்தார்கள். கையில் இரண்டு நாள் ஈரம் பட்டதும் அந்த அடைப்பு உதிர்ந்தது. ரீல் சீட்டை ஒட்ட ஐந்து நிமிடத்தில் இறுகும் மலிவுப் பசை கொடுத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸிதான் போட வேண்டும் என்று கம்பு கட்டுபவர் யாரும் சொல்வார்கள்.

எபாக்ஸியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கக்காரர்கள் பயப்படுவதும் இங்கேதான். வளையங்களின் நூல்சுற்றின் மேல் பூசும் எபாக்ஸி இரண்டு புட்டி: ரெசின், ஹார்டனர். இரண்டையும் தனித்தனி சிரிஞ்சில் சம அளவு எடுத்துக் கலந்து பூசி, வழியாமல் இருக்கக் கம்பை மோட்டாரில் மெதுவாகச் சுழல விட வேண்டும். நான் அளவு பார்த்துத்தான் கலந்தேன். மறுநாள் தொட்டால் விரல் ஒட்டியது. வாரம் கழித்தும் ஒட்டியது. ஹார்டனர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் அடர்ந்த பழுப்பு. புட்டியில் தயாரித்த தேதியும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. விற்பவரிடம் கேட்டேன். “அளவு தவறிக் கலந்திருப்பீர்கள்” என்று ஒரே வரி. சந்தேகம் தீர, புதிதாக வேறு எபாக்ஸி வாங்கி அதே சிரிஞ்சு அளவில் கலந்து மேலே இன்னொரு பூச்சு கொடுத்தேன். அது கண்ணாடி மாதிரி இறுகியது. உங்களுக்கும் பூச்சு ஒட்டிக்கொண்டே இருந்தால் பயந்து எல்லாவற்றையும் சுரண்டிவிடாதீர்கள். சரியாகக் கலந்த புதுப் பூச்சு பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

அப்புறம் அந்த நாள். புல்தரையில், ஈக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, நிதானமாகத்தான் வீசினேன். லைன் பின்னால் போய் நீண்டு, முன்னே கொண்டுவரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் சேரும் இடத்தில், நூல்சுற்றுக்குக் கீழே, நீளவாக்கில் கீறல். எங்கள் கிளப்பில் கம்பு பழுதுபார்த்தே பல வருடம் கழித்த ஓர் ஆங்கிலேயப் பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடால் நூலைச் சீவி எடுத்து, குழாயின் வாயை என் பக்கம் திருப்பி டார்ச் அடித்தார். ஒரு பக்கச் சுவர் கனமாக இருந்தது. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தில் விளிம்பே தெரியாத அளவு மெலிசு. இது கட்டுபவர் கையால் வரக்கூடிய குறையே இல்லை என்றார். பிசின் ஊறிய கார்பன் தாளை வெட்டி, கூம்பு வடிவ எஃகுத் தண்டின் மேல் உருட்டி, மேலே நாடா சுற்றி அடுப்பில் வேகவைத்து, பிறகு தண்டை உருவி எடுத்துப் பிளாங்க் செய்கிறார்கள். உருட்டும்போது தாள் கோணலானால் சுவர் இப்படி ஆகும். தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சிறு வித்தியாசம் எல்லாப் பிளாங்கிலும் உண்டு. அதைத்தான் பிளாங்கின் முதுகு என்கிறார்கள். என்னுடையது அந்த ரகம் இல்லை, கழித்துப் போட்ட சரக்கு.

எண்ணும் பொய். என்னை இந்தப் பழக்கத்துக்குள் இழுத்துவந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் 9 அடி, 5 எண் கம்பு ஒன்று இருக்கிறது. கீறல் விட்ட இடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு, இரண்டு கம்புகளின் நுனியிலும் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அவர் கம்பு வளைய வேண்டிய அளவுக்கு என்னுடையது மிகக் குறைந்த எடையிலேயே வளைந்துவிட்டது. கீறல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் அவ்வளவு வித்தியாசம் வர வழியில்லை. “தம்பி, இது அஞ்சும் இல்லை, நாலும் இல்லை. பேய்க்காட்டிப்போட்டாங்கள்” என்றார்.

இந்தச் சோதனையை நீங்கள் பசை தொடும் முன்பே செய்யலாம். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பில் ஹேன்னமன் என்ற அமெரிக்கர் வகுத்த முறை, ‘காமன் சென்ட்ஸ்’ என்று பெயர். அடிப்பகுதியை மேசை விளிம்பில் கிடையாக இறுக்கிப் பிடிக்கவும். நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, கம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 அடிக்கு 3 அடி, நுனி இறங்கும் வரை நாணயம் போடவும். அவர் கணக்கு அமெரிக்க ஒரு சென்ட்டுக்கானது, ஒன்று 2.5 கிராம். நம்மிடம் இருக்கும் பிரிட்டிஷ் ஒரு பென்னி 3.56 கிராம், அதனால் எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல் சமையலறைத் தராசில் எடை போட்டு 2.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சென்ட் எந்த எண்ணுக்கு என்ற அட்டவணை எளிதாகக் கிடைக்கிறது. ஒன்று மட்டும்: வெறும் பிளாங்கை அப்படியே வளைக்காதீர்கள். துண்டுகள் சேரும் வாய்களில் நூலை இறுக்கச் சுற்றி, பசை இல்லாமல் முடிந்துகொண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் நல்ல பிளாங்கும் அந்த இடத்தில் பிளக்கலாம்.

அதற்கும் முன்னால் துண்டுகளைச் சேர்த்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள், இணைப்பில் ‘டக் டக்’ என்று ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே குச்சி வைத்துச் சேரும் (ஸ்பிகாட்) வகை இணைப்பு என்றால் சேர்த்த இடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். தேயத் தேய அதுதான் இறங்கிக் கொடுக்கும். அந்த வகை முதல்நாளே இடைவெளி இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துச் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் வாதம் வந்தால் அந்தப் படம் பேசும்.

சரி, பணம் எப்படி வந்தது? விற்பவர் கடைசி வரை அசையவில்லை. நான் கிரெடிட் கார்டில் நேராகக் கடைக்குக் கட்டியிருந்தேன். இங்கே 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு இருக்கிறது. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால் விற்பவரோடு கார்டு நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் படங்களையும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன், 140 பவுண்டு வந்தது. இடையில் ஒரு பணப்பரிமாற்றச் சேவை வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். கிட்டாக வாங்காமல் தனித்தனியாக 100 பவுண்டுக்குக் குறைந்த பொருட்களாக வாங்கினாலும் இந்தப் பிரிவு உதவாது. என்னிடம் பேசியபோது விற்பவர் “பிரித்து வாங்கினால் தள்ளுபடி” என்று சொன்னது ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது.

2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். “நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்” என்று எனக்கு எழுதினார்கள். நம்பாதீர்கள். ஆனால் இதெல்லாம் வியாபாரியிடம் வாங்கினால்தான். தனிநபர் என்று கணக்கு வைத்து விற்பவரிடம் இந்த உரிமைகள் செல்லாது, வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

அந்தக் கிட்டை அடையாளம் காண: முதல் படத்தில் மெரூன் நூல் சுற்றிய, கட்டி முடித்த கம்பு இருக்கும், கட்டாத பிளாங்கின் படம் எங்கும் இருக்காது. தயாரித்தது யார் என்று கேட்டால் “ஒப்பந்தப்படி சொல்லக் கூடாது” என்பார்கள். இணைப்பு வாயின் படம் அனுப்பச் சொல்லுங்கள், அதன்பிறகு பதிலே வராது. ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், கார்டு நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலைத் தருகிறேன், பெயரையும் தேதியையும் மாற்றி அப்படியே அனுப்பலாம்.