ஆர்லாண்டோவில் எங்கே தங்குவது? வளர்ந்த பிள்ளைகளோடு 12 வருட அனுபவம்

"டிஸ்னி போறோம், எந்த ஹோட்டல் போடலாம்?" என்று யார் கேட்டாலும், "பசங்களுக்கு என்ன வயசு?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பட்ஜெட் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்த அறை பதினாலு வயதில் சிறையாகிவிடும். இது புரிய எங்களுக்குப் பத்து வருஷம் ஆனது.

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறினால் ஏழு மணி நேரத்தில், டிஸ்னி வேர்ல்டு பார்க்குகள் இருக்கும் ஆர்லாண்டோ. விமான டிக்கெட் செலவு இல்லை என்பதாலேயே 2013இல் ஆரம்பித்து இதுவரை ஏழு தடவை போய்விட்டோம். போகும் வழிக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அது மட்டும் இன்றுவரை மாறவில்லை. தங்கும் இடம்தான் ஒவ்வொரு தடவையும் மாறியது.

முதல் பயணத்தில் மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. டிஸ்னியின் மலிவு வரிசை ஹோட்டல்களில் ஒன்றான ஆல்-ஸ்டார் மூவீஸில் தங்கினோம். அறை மொத்தம் 260 சதுர அடி. இரண்டு கட்டில், ஒரு பாத்ரூம். ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டும் கிடையாது. 2017இல் பாப் செஞ்சுரி. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு அறைதான். சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய் வாருங்கள்.

2019இல் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஐந்து பேரை அந்தச் சின்ன அறைகளில் விடமாட்டார்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் கைக்குழந்தையாக இருக்க வேண்டும். அதனால் டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் குடும்ப சூட் எடுத்தோம். 565 சதுர அடி, இரண்டு பாத்ரூம், ஆறு பேர் படுக்கலாம், மைக்ரோவேவ் உண்டு. சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு மடக்கினால் கட்டிலாகிவிடும். மாமியார் அதைத் தினமும் இரண்டு தடவை மடக்கிப் பார்த்தார். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பில் வந்தபோதுதான் தெரிந்தது, பக்கத்துப் பாப் செஞ்சுரியில் இரண்டு அறை எடுத்திருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும் என்று. இரண்டு ஹோட்டலுக்கும் நடுவே ஓர் ஏரி, அதன்மேல் ஒரு பாலம். அவ்வளவுதான் தூரம்.

2022இல் மகனுக்குப் பதினாலு, மகளுக்குப் பதினொன்று. "இனிமேல் ஹோட்டலெல்லாம் கட்டாது, கிஸ்ஸிமியில் தனி வீடு எடுத்துக்கலாம்" என்றார் இவர். டிஸ்னிக்குப் பக்கத்து ஊர் அது. மூன்று படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின், பின்னால் ஒரு நீச்சல் குளம். ஒரு இரவு வாடகையைப் பார்த்தால் டிஸ்னியின் ஒற்றை அறைக்குச் சமம். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்த வாடகை முழுக் கதை இல்லை. சுத்தம் செய்ய ஒரு கட்டணம், குளத்துத் தண்ணீரைச் சூடாக்கத் தனிக் கட்டணம், முன்பதிவு இணையதளம் பிடித்துக்கொள்ளும் சேவைக் கட்டணம், எல்லாவற்றின்மேலும் வரி. அந்தப் பக்கங்களில் தங்குமிட வரியே 12.5இலிருந்து 13.5 சதவீதம் வரை வரும். அது போக, டிஸ்னி ஹோட்டலில் தங்காதவர்கள் பார்க்கில் காரை நிறுத்த அப்போது ஒரு நாளைக்கு 25 டாலர். பிறகு 30 ஆக்கினார்கள். (2025 மே 12 முதல் அமெரிக்காவில் ஒரு விதி வந்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். நாங்கள் போனபோது இல்லாத வசதி. வரி அதில் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

பணத்தைக்கூட விடுங்கள். வீட்டில் தங்கியதில் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல் கார். மகள் பார்க் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும் என்பாள். மகன் பத்து மணிக்கு முன்னால் கண் திறக்கமாட்டான். இருப்பது ஒரு கார். நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்ப வேண்டும். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால் வாசலில் இறங்கவும் முடியாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து டிராமில் ஏறி, பிறகு மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பஸ் நேராக வாசலில் இறக்கிவிடும். இரவு வாணவேடிக்கை முடிந்து அதே வழியில் திரும்பி, இவர் கார் ஓட்ட, பின் சீட்டில் இருவரும் சண்டை போட... வீடு என்னவோ அருமையான வீடுதான். எங்கள் கார்தான் சின்னது.

அந்தப் பயணத்தில்தான் ஒரு விதியைக் கவனித்தேன். டிஸ்னி பார்க்குகளில் பதினாலு வயது ஆகாதவர்கள், பதினாலோ அதற்கு மேலோ ஆன ஒருவரோடுதான் நுழைய வேண்டும். அப்படியென்றால் பதினாலு ஆன அண்ணன் இருந்தால் தங்கைக்குப் போதும், அம்மா அப்பா தேவையில்லை!

2023 செப்டம்பரில் லேபர் டே விடுமுறையை ஒட்டிப் போனபோது இதை வைத்தே திட்டம் போட்டோம். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் ஆர்லாண்டோவில் விலை இறங்கும் நேரம். வெயில் கொளுத்தும், தினமும் மதியம் இடி மழை. வருகிறவர்கள் குறைவு என்பதால் விலையும் குறைவு. பாப் செஞ்சுரியில் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு, நடுவில் கதவு. ஒவ்வொரு அறை முன்பதிவிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பதால் ஒன்று என் பெயரில், ஒன்று இவர் பெயரில். கதவுள்ள அறைகள்தான் வேண்டும் என்று போனில் சொல்லிக் குறிப்பு எழுத வைத்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் ஆன்லைனில் விடாதீர்கள்.

பாப் செஞ்சுரி அறைகளை 2018 வாக்கில் மாற்றிவிட்டார்கள். முன்பு இரண்டு டபுள் கட்டில் இருந்தது. இப்போது ஒரு குயின் கட்டில், சுவரிலிருந்து இறக்கும் இன்னொரு குயின் கட்டில். காலையில் அதைத் தூக்கி மடக்கினால் மேஜையும் நடக்க இடமும் கிடைக்கும். இரண்டு அறைக்கும் சேர்த்து இரண்டு பாத்ரூம், இரண்டு டிவி, இரண்டு ஏசி. ஏசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் மகன் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தூங்குகிறவன்.

ஆனால் பாப் செஞ்சுரியின் உண்மையான மதிப்பு அறைக்கு வெளியே இருக்கிறது. 2019 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் ரோப் கார், ஹோட்டல் பக்கத்து ஏரியிலிருந்து கிளம்பி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் கிடையாது, நேர அட்டவணை கிடையாது. மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள், அப்போது பஸ்தான். மற்ற இரண்டு பார்க்கான மேஜிக் கிங்டத்துக்கும் அனிமல் கிங்டத்துக்கும் எப்போதுமே பஸ்தான். ஹோட்டலில் தங்குகிறவர்களை எந்த பார்க்கிலும் அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். மகள் அண்ணனுக்கு ஒரு பாப்கார்ன் வாளி லஞ்சம் கொடுத்து எழுப்பிக் கூட்டிப்போனாள். நானும் இவரும் ஒன்பதரை வரை தூங்கினோம். கல்யாணம் ஆனதிலிருந்து எந்த விடுமுறையிலும் நடக்காத அதிசயம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. வளரும் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் பார்க்கில் வாங்கிக் கொடுத்தால் அறை வாடகையை அது முந்திவிடும். சின்ன ஃப்ரிட்ஜ் அறையிலேயே இருக்கிறது. வரும் வழியில் பால், தயிர், பிரெட், பழம் வாங்கிவிடுவோம். சமைக்கும் சாதனம் எதையும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, ரைஸ் குக்கர் உட்பட. காபி மெஷினில் வரும் வெந்நீரை ஊற்றினால் ஆகும் உப்புமா பாக்கெட்டுகள் இரண்டு டஜன் எடுத்துப்போவேன். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. பார்க்கில் சிற்றுண்டிக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மாவே தருவார்கள்.

2024இல் கொஞ்சம் துணிந்து பாயின்ட் வாடகை வழிக்குப் போனோம். டிவிசி (டிஸ்னி வெக்கேஷன் கிளப்) என்பது டிஸ்னியின் டைம்ஷேர், அதாவது பணம் கட்டி உறுப்பினராகி, வருடா வருடம் கிடைக்கும் பாயின்ட்டுகளைக் கொடுத்துத் தங்கும் திட்டம். உறுப்பினர்கள் தங்கள் பாயின்ட்டுகளை வாடகைக்கு விடுவார்கள். பாயின்ட்டுக்குச் சுமார் 20 டாலர். அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் ஒரு படுக்கையறை வில்லா கிடைத்தது. ஒரே படுக்கையறைதான், ஆனால் பாத்ரூம் இரண்டு! சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளேயே. கீழே சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டியும் சட்னி வகைகளும் கிடைக்கின்றன. இவர் இரண்டு நாள் அங்கேயே குடியிருந்தார். நேரடியாகப் பதிவு செய்யும் விலையில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தோம். இருந்தும் எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். உறுப்பினர்கள் 11 மாதம் முன்பே பதிவு செய்கிறார்கள், கடைசி நேரத்தில் நல்லது மிஞ்சாது. பெரும்பாலும் பணம் திரும்ப வராது. எங்களுக்கு வாடகைக்குத் தந்தவர் முதலில் தேதியை மாற்றிப் பதிவு செய்து, அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆக்கினார். ஹோட்டலின் சாதாரண அறை முன்பதிவு என்றால் ஐந்து நாள் முன்பு வரை ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம். பள்ளி டீம், தேர்வு, ஜுரம் என்று தேதி மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

போன வருடம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து டிஸ்னிக்கு "போதும்மா" சொல்லிவிட்டார்கள். 2025 மே மாதம் ஆர்லாண்டோவின் இன்னொரு பெரிய பார்க் நிறுவனமான யூனிவர்சலில் எபிக் யூனிவர்ஸ் என்ற புதுப் பார்க் திறந்திருந்தது. யூனிவர்சலின் கபானா பே ஹோட்டலில் குடும்ப சூட்: ஆறு பேர் தங்கலாம், ஒரு பாத்ரூம்தான். ஆனால் குளியல், கழிப்பறை, முகம் கழுவும் இடம் மூன்றையும் தனித்தனியாகத் தடுத்திருக்கிறார்கள். ஒருத்தி தலைமுடிக்கு நாற்பது நிமிடம் எடுத்தாலும் வீட்டில் கலவரம் வராது. கார் நிறுத்த இரவுக்கு இரவு கட்டணம் உண்டு. டிஸ்னி ஹோட்டல்களில் அதை 2023இலேயே நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் ஆறு பேர் அறை என்று பார்த்தால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்டைவிட நன்றாகவே குறைவு.

மகனுக்கு இந்த வருடம் பதினெட்டு. டிஸ்னி ஹோட்டலில் ஓர் அறையில் இரண்டு பெரியவர்களுக்கு மேல் இருந்தால் கூடுதல் ஆளுக்கு இரவுக்கு இரவு கட்டணம் போடுவார்கள். பதினெட்டு ஆனால் அவனும் அந்தக் கணக்கில் வந்துவிடுவான். இரண்டு அறை போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவே இல்லை. அடுத்த தடவை நண்பர்கள் மூன்று பேரோடு போகிறானாம், ஆல்-ஸ்டாரில் ஒரே அறை போதுமாம்.

"260 சதுர அடிடா" என்றேன்.

"தூங்க யாரும்மா போறா?" என்றான்.