விதையோடு அடியுரமும் இடும் கருவி: இரண்டு பருவங்களுக்குப் பிறகு

டிராக்டரின் பின்னால் பூட்டி, மக்காச்சோள விதையையும், விதைக்கும்போதே இடும் உரமான அடியுரத்தையும் ஒரே ஓட்டத்தில் மண்ணுக்குள் இறக்கும் விதைப்புக் கருவி ஒன்றை இரண்டு பருவங்கள் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வேகத்தையும் ஆள் மிச்சத்தையும் பற்றி விற்பவர்களே வேண்டிய அளவு சொல்லிவிடுகிறார்கள். நான் அறிய விரும்பியது, இக்கருவி உரத்தை வைக்கும் இடம் இளம் வேருக்கு உண்மையில் எட்டுகிறதா என்பதையே.

மணிச்சத்தை (பாஸ்பரஸை) பொறுத்தவரை எட்டுகிறது. மண்ணில் அச்சத்து நகரும் தொலைவு மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பதால், உரம் வேரைத் தேடிப் போவதில்லை; வேர்தான் உரத்திடம் வந்தாக வேண்டும். மேலாகத் தூவிய டி.ஏ.பி. (மணிச்சத்தும் அம்மோனியமும் கொண்ட டை-அம்மோனியம் பாஸ்பேட் உரம்), மேல்மண் காய்ந்தவுடன் வேருக்குப் பயன்படாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அதை உழுது கலந்தாலோ, கரைந்த சத்து நிறைய மண்ணைத் தொட்டு, அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் பிணைந்துகொள்கிறது. விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி, அதற்குக் கீழே 5 செ.மீ. ஆழத்தில் வரிசையாக வைக்கும்போது, மண்ணோடு தொடர்பு குறைவதோடு, சத்துச் செறிவைக் கண்ட இடத்தில் வேர்கள் கிளைத்து அடர்வதும் நிகழ்கிறது. டி.ஏ.பி.யில் உள்ள அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைச் சற்று அமிலமாக்கி, மணிச்சத்தைக் கரைத்தெடுக்க வழிசெய்கிறது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம். பொட்டாஷை மட்டும் தனியே வரிசையில் வைத்தால் வேர்கள் இப்படி அடர்வதில்லை.

முதல் பருவத்தில் ஒப்பீட்டுக்காக ஒரு பாத்தியில் வழக்கம்போல் உரத்தைத் தூவி உழுதேன். அங்கே மணிச்சத்துக் குறைவின் அறிகுறியாக இளம் பயிரின் இலை ஓரங்கள் ஊதா நிறமாக மாறின. கருவி ஓடிய பகுதியில் அந்த அறிகுறி இல்லை. ஆனால் கதிர் வரும் காலத்தில் இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. ஏற்கெனவே மணிச்சத்து மிகுந்திருக்கும் வயலில் இக்கருவியிடம் பெரிய விளைச்சல் உயர்வை எதிர்பார்ப்பது சரியல்ல. மண் பரிசோதனையில் அச்சத்து குறைவென்று தெரிந்த வயலில்தான் இது தன் விலையை ஈடுகட்டும்.

குறை என்று சொன்னால், இரண்டாம் பருவத்தில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். உரம் விழும் சாலைக் கீறும் உரக்கொழுவைப் பிடித்திருக்கும் பூட்டு ஓட்டத்தில் தளர்ந்து நகர்ந்ததால், இரண்டு வரிசைகளில் முளைப்பு விட்டுவிட்டு வந்தது. தோண்டிப் பார்த்தபோது விதையும் உரமும் ஒரே சாலில் கிடந்தன. கரையும் உரம் விதையருகே உப்புச் செறிவை உயர்த்தி நீரை எடுக்கவிடாமல் தடுக்கிறது, யூரியாவும் டி.ஏ.பி.யும் வெளியிடும் அம்மோனியாவோ முளையையே கருக்குகிறது. மணற்பாங்கான, ஈரம் குறைந்த மண்ணில் இந்தச் சேதம் இன்னும் கடுமையாகும். பூட்டை அவ்வப்போது முடுக்கிக்கொள்வது உழவரின் பொறுப்பு என்று தயாரித்தவர்கள் பதில் சொன்னார்கள். சத்து சேரும் இடத்தையே விற்பனைக் காரணமாகக் காட்டும் கருவியில், அந்த இடத்தை உறுதிசெய்யும் பாகம் இத்தனை நோஞ்சானாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தழைச்சத்து (நைட்ரஜன்) முழுவதையும் இதிலேயே கொட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து நீரோடு சேர்ந்து நகர்வதால் வேரை எளிதில் எட்டுகிறது. அதே காரணத்தால், பயிர் சிறிதாக இருக்கும்போது பெருமழை பெய்தால் வேருக்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. எனவே ஒரு பங்கை மட்டும் அடியுரமாக இட்டு, மீதியைப் பயிர் வளரும்போது மேலுரமாகப் பிரித்துத் தருவதே முறை. அந்த யூரியாவையும் ஈரமான மண்ணின் மேல் திறந்தபடி விட்டால், யூரியேஸ் நொதியால் சிதைந்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண்ணால் மூட வேண்டும், இல்லையேல் உடனே நீர் பாய்ச்ச வேண்டும். நின்ற பயிரில் இக்கருவியை ஓட்ட இயலாது என்பதால் அதற்கு வேறு ஏற்பாடு தேவை. நீர் தேங்கிய நெல் வயலுக்கும் இது உதவாது. அங்கே பெரிய யூரியாக் குருணைகளை நான்கு நாற்றுக் குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில், காற்றில்லாச் சேற்றுக்குள் புதைப்பது முற்றிலும் வேறான வேலை.

உரப்பெட்டியின் பள்ள உருளைகள் உலர்ந்த குருணையைச் சீராகவே அளந்து விடுகின்றன. உரம் சற்று ஈரம் கோத்தால் கட்டி பிடித்துக் குழாய் அடைத்துவிடுகிறது, குழாய் கறுப்பு நிறம் என்பதால் இருக்கையிலிருந்து அது தெரிவதுமில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு குழாயிலும் விழும் உரத்தை எடை பார்த்த பிறகும், வயலில் முதல் சாலைத் தோண்டி விதைக்கும் உரத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்த பிறகும்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்துக்கும் இதையே ஓட்டுவேன், உரக்கொழுவின் பூட்டைப் பட்டறையில் மாற்றிய பின்.