சிமுலிங்க்கா, மாடலிகாவா? இரண்டு குழாய்களை இணைத்துப் பாருங்கள்

ஒருமுறை செய்த காம்போனென்ட்டை அடுத்தடுத்த சிமுலேஷன் மாடல்களிலும் கை வைக்காமல் எடுத்துப் போட வேண்டும். பிளாக்குகளைக் கம்பிகளால் இணைத்து மாடல் கட்டும் மென்பொருளான சிமுலிங்க், சமன்பாடுகளால் மாடல் எழுதும் மொழியான மாடலிகா, இரண்டுமே இதற்கு வழி உண்டு என்கின்றன. சோதித்துப் பார்க்கத் தொட்டியும் குழாயும் போதும்.

சிமுலிங்க் பிளாக்கில் எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்பதை முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும். தொட்டிக்கு நீர்வரத்தைக் கொடுத்தால் அடியிலுள்ள அழுத்தத்தைத் தரும். குழாய்க்கு இரு முனை அழுத்தங்களையும் கொடுத்தால் ஓட்டத்தைத் தரும். தொட்டி, குழாய், தொட்டி என்று மாறி மாறி வரும்வரை வம்பில்லை. குழாயோடு குழாயை இணைத்தால்தான் சிக்கல்: நடுவிலுள்ள அழுத்தத்தை இரண்டுமே கேட்கும், கொடுக்க ஆளிருக்காது. நிஜத்தில் இல்லாத குட்டித் தொட்டி ஒன்றை இடையில் செருகலாம். ஆனால் அது சின்னதாக ஆக ஆக சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) திணறும். இல்லையென்றால் ஒரு குழாயைத் திருப்பி எழுத வேண்டும். நான் திருப்பித்தான் எழுதினேன். கொஞ்ச நாளில் என் லைப்ரரியில் ஒரே குழாய்க்கு மூன்று பிளாக்குகள் சேர்ந்துவிட்டன. உராய்வுச் சூத்திரத்தை மாற்றியபோது இரண்டில் மாற்றி, மூன்றாவதை மறந்தேன்.

மாடலிகாவின் முதல் வரையறை 1997இல் வந்தது. ஆனால் அதன் விதை, ஹில்டிங் எல்ம்க்விஸ்ட் 1978இல் ஸ்வீடனின் லுண்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறது. மாடலிகாவில் குழாய்க்கு உள்ளீடும் இல்லை, வெளியீடும் இல்லை. முனைக்கு அழுத்தம், ஓட்டம் என்று இரண்டு மாறிகள், உள்ளே இரண்டு சமன்பாடுகள், அவ்வளவுதான். முனைகள் சேருமிடத்தில் அழுத்தங்கள் சமம், ஓட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். பள்ளியில் படித்த கிர்காஃப் விதியேதான். எந்த மாறியை எதிலிருந்து கண்டுபிடிப்பது என்பதைக் கம்பைலர் (மாடலை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது) பார்த்துக்கொள்ளும். அதனால் பத்துக் குழாய்களை வரிசையாகப் போட்டாலும் காம்போனென்ட் ஒன்றுதான்.

இதற்கும் விலை உண்டு. ஒரு சமன்பாட்டை எழுத மறந்தால், சமன்பாடுகளின் எண்ணிக்கையும் மாறிகளின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று எங்கோ சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டும் பிழைச்செய்தி வரலாம். சிமுலிங்க்கில் ஒவ்வொரு கம்பியிலும் ஸ்கோப் (மதிப்பை வரைந்து காட்டும் பிளாக்) வைத்துத் தடம் பிடித்துப் போகலாம். இங்கே கம்பைலர் புரட்டிப்போட்ட சமன்பாடுகளுக்குள் துழாவ வேண்டும். குழாய்ச் சமன்பாட்டில் வர்க்கமூலம் இருந்தால், ஓட்டம் திசை மாறும் இடத்தில் சாய்வு முடிவிலிக்குப் போய் சால்வர் தடுமாறும். பூஜ்யத்தருகே வளைவை மென்மையாக்கும் சார்பு ஒன்று மாடலிகாவின் தரநிலை லைப்ரரியிலேயே இருக்கிறது. சொந்தமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கன்ட்ரோலர் என்று வந்தால் என் ஓட்டு சிமுலிங்க்குக்கு. சென்சார் அளவு நிஜமாகவே உள்ளே வருகிறது, வால்வுக்கான கட்டளை நிஜமாகவே வெளியே போகிறது. அங்கே திசையை முன்கூட்டியே முடிவுசெய்வதில் எந்த இழப்பும் இல்லை. சரி, சிமுலிங்க்கை விட்டு வெளியே வராமலே திசையற்ற காம்போனென்ட் வேண்டுமென்றால் சிம்ஸ்கேப் என்ற கூடுதல் தொகுப்பு இருக்கிறது, தனி லைசென்ஸ் காசோடு. மாடலிகா மாடல்களை ஓட்டும் ஓப்பன்மாடலிகாவுக்குக் காசே வேண்டாம்.

இரண்டையும் சேர்த்து ஓட்ட, வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாடல்களைப் பரிமாற உதவும் எஃப்எம்ஐ தரநிலை 2010 முதல் இருக்கிறது. ஆனால் எஃப்எம்யூ கோப்பாக (அந்தத் தரநிலைப்படி பொதிந்த மாடலாக) ஏற்றுமதி செய்ததும் உள்ளீடு, வெளியீடு மறுபடி உறைந்துவிடும். குழாயைத் தனியாக ஏற்றுமதி செய்தால் பழைய கதைதான். அதனால் தொட்டி, குழாய், பம்ப் மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்து, சென்சாரிலும் வால்விலும் மட்டும் வெட்டி, சிமுலிங்க் கன்ட்ரோலரோடு இணைக்கிறேன்.