பிரஷ் கட்டர் வாரண்டி: பட்டறை உள்ள டீலரா, பல கம்பெனிக் கடையா, ஆன்லைனா?

புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை வாங்கும்போது நான்கு கடைகளில் விலை விசாரிக்கும் நாம், அது பழுதாகும் நாளில் யார் திறந்து பார்ப்பார் என்று விசாரிப்பதில்லை. வாரண்டி அட்டையை அச்சிடுவது கம்பெனி என்றாலும், அதன் மதிப்பு பெரும்பாலும் டீலரின் மேசையில்தான் தெரியவருகிறது.

அதிகம் சச்சரவுக்கு உள்ளாவது, சிலிண்டருக்குள் பிஸ்டன் நகராமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் பழுது. இவ்வகை இஞ்சினில் பெட்ரோலோடுதான் ஆயிலைக் கலக்க வேண்டும்; 1:50 என்று குறிப்பிட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டனில் நெடுக்காகக் கீறல் விழும்; அந்த கிளெய்மை மறுப்பது நியாயமே. ஆனால், கிராங்க் சீல் (இஞ்சினின் சுழல் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் வளையம்) கசிந்து காற்று புகுந்தாலும் ஏறக்குறைய அதே கீறல்தான் விழும். பழியோ, இயந்திரத்தை வாங்கியவர் மேல் விழுந்துவிடும்.

பட்டறை உள்ள நல்ல டீலர் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும். டேங்கில் மிஞ்சிய பெட்ரோலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, அது ஆவியான பின் எண்ணெய்க் கறை தங்குகிறதா என்று வாடிக்கையாளரின் கண்முன்னே காட்டுவார். பிறகு இஞ்சினுக்குக் காற்றழுத்தம் கொடுத்து சீலைச் சோதிப்பார். கிளெய்ம் மறுக்கப்பட்டாலும் அவரிடம் மனக்கசப்பு தங்காது. சீசன் நேரத்தில் காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பின்னால் வாரண்டி வேலையைத் தள்ளிவைப்பது இத்தகைய டீலர்களிடமும் காணப்படும் குறைதான். பழுது தீரும்வரை பயன்படுத்த மாற்று இயந்திரம் தருபவர் கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் அவரிடமே வாங்கலாம் என்பது என் கருத்து.

பல கம்பெனிப் பொருள்களை விற்கும் கடையில் விலை படியும், கடனும் கிடைக்கும். ஆனால், பட்டறை இல்லாத கடைக்காரர் இயந்திரத்தை சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதோடு சரி. அங்கிருந்து "ஆயில் கலக்கவில்லை" என்ற ஒற்றை வரி பதில் வந்தால், அதை எதிர்த்துக் கேட்கும் கருவியோ பயிற்சியோ அவரிடம் இராது. ஆன்லைனில் வாங்கினால் அந்த இடைமனிதரும் இல்லை; அருகில் சர்வீஸ் சென்டர் இருப்பதை உறுதி செய்யாமல் வாங்குவது வீண்.

எங்கே வாங்கினாலும் வரிசை எண் எழுதிய பில்லும், மறுப்புக்கான காரணம் எழுத்திலும் வேண்டும். பிழைப்புக்காக சுயதொழிலில் பயன்படுத்த வாங்கியவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே அவர் புகார் தரலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த இரண்டு தாள்களைத்தான்.